மண்டபம் எழுந்து நிற்கும் காட்சி

எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஒரு பங்க் ராக் குழுவைப் பற்றித் தமிழில் படம் எடுக்கப்பட்டது என்று நான் சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, அப்படி ஒன்று நடந்திருக்கவே முடியாது என்று மறுக்கிறார்கள். மறுப்பவர்களோடு வாதிடுவது எனக்குப் பிடித்தமான வேலை. ஆனால் இந்த ஒன்றில் வாதத்துக்கு இடமில்லை. அந்தப் படத்துக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவள் நான். அதன் கடைசிக் காட்சி எடுக்கப்பட்டபோது மேடையில் அமர்ந்திருந்தவளும் நான்.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். பயிற்சி வார நாள்களில். என் உண்மையான வாழ்க்கை சனிக்கிழமை மாலைகளில். செராங்கூன் சாலையைச் சுற்றியிருந்த மண்டபங்களில் பட்டிமன்றம் எங்கே நடந்தாலும், ஏதேனும் ஓர் அணியில் நான் இருப்பேன். ஒலிவாங்கி பழுதானால் மற்றவர்கள் தடுமாறுவார்கள். நான் அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பேசுவேன். எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே ஒரு கணம் நிறுத்துவது, நிறுத்திய அந்தக் கணத்தில் எந்த வரிசையைப் பார்ப்பது என்பதையெல்லாம் எனக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். கற்றுத் தந்தவர்களைவிட நான் அவற்றை நன்றாகவே செய்தேன். இதைத் தற்பெருமை என்று கொள்பவர்கள் கொள்ளட்டும். அந்த மண்டபங்களில் இருந்தவர்கள் அப்படிக் கொள்ள மாட்டார்கள்.

படத்தை எடுத்தவர் என் அண்ணனின் நண்பர். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையின் வரைபடப் பிரிவில் அவருக்கு வேலை. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த அவர் குடும்பம் தலைமுறைகளாக இங்கே துணிக்கடை நடத்திவந்தது. கடையில் உட்காராமல் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனதே அவர் செய்த முதல் புரட்சி என்று என் அண்ணன் கேலி செய்வான். இரண்டாவது புரட்சி, சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் அவர் வாங்கிய ஒரு படக் கேமரா. கைக்குள் அடங்கும் அளவு. ஒலியைப் பதியாது. ஒரு சுருளைப் போட்டால் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும், அத்தோடு சரி. சுருளைக் கழுவ வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அது திரும்பி வரும்வரை, எடுத்தது என்ன என்பது எடுத்தவருக்கே தெரியாது.

ஒரு மாலை அவர் புக்கிட் மேராவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“தங்கச்சி, உன் குரல் வேணும்.”

“எதுக்கு அண்ணே?”

“படம் எடுக்கிறேன்ல. அதுல சத்தம் வராது. கேசட்டுல தனியா ஓட்டணும். பாட்ட அவங்க பாடிருவாங்க, கதைய நீ சொல்லணும்.”

யார் பாடுகிறார்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலில் என் அண்ணனுக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

“சட்டை பூரா ஊக்கு மாட்டிட்டுத் திரியறானே, அவனா? அது பாட்டா? ஆம்புலன்ஸ் போற மாதிரி இருக்கும்டா!”

“ஆம்புலன்ஸ் போனா எல்லாரும் வழி விடறாங்கல்ல,” என்றார் இயக்குநர். “இவனுக்கு அது கூட இல்ல.”

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஒப்புக்கொண்டேன்.

பாடகன் எனக்குப் புதியவன் அல்லன். உயர்நிலைப் பள்ளியில் என் வகுப்பில் படித்தவன், கத்தோலிக்கக் குடும்பம், சிறுவயதில் கோயில் பாடற்குழுவில் முன்வரிசையில் நின்றவன். இப்போது ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேலே இருந்த அறையில் பாடிக்கொண்டிருந்தான். கிட்டார் வாசித்தவன் மலாய்க்காரன். டிரம்ஸ் வாசித்தவன் சீனன். கீழே குழாய் அறுக்கும் ஓசையும் மேலே இவர்கள் எழுப்பும் ஓசையும் ஒன்றோடொன்று கலந்து, எது வியாபாரம் எது இசை என்று தெருவில் நிற்பவர்களால் பிரித்தறிய முடியாது. கடை முதலாளி அவர்களுக்கு அந்த அறையைக் கொடுத்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நான் முதல்முறை அங்கே போனபோது, பாடகன் சவர்க்காரத்தைக் குழைத்துத் தலையில் தடவி, முடியை முள்முள்ளாக நிமிர்த்திக்கொண்டிருந்தான். நீண்ட முடி வைத்திருக்கும் ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரசு அலுவலகங்களில் அறிவிப்பு ஒட்டிய காலத்தின் சூடு அப்போது முழுவதும் ஆறியிருக்கவில்லை.

“உன்னத் தபால் நிலையத்துல உள்ள விடறாங்களா?” என்று கேட்டேன்.

“விடறாங்களே. ‘நீளமாத்தான் இருக்கக் கூடாது சார், என்னோடது உயரம்’னேன். அந்த ஆளு ரூல்ஸ் புத்தகத்தத் தேட உள்ள போனாரு. நான் ஸ்டாம்ப் வாங்கிட்டு வந்துட்டேன்.” கண்ணாடியிலிருந்து திரும்பாமலே சொன்னான். “உட்காருங்க பேச்சாளரே. அந்தப் பெயிண்ட் டின்னு மேல உட்காராதீங்க, மூடி சரியில்ல.”

அவர்களுடைய முக்கியமான பாட்டு, அடுக்குமாடி வீட்டு லிஃப்டைப் பற்றியது. அக்காலத்து லிஃப்டுகள் எல்லா மாடிகளிலும் நிற்பதில்லை. சில மாடிகளில் மட்டும் நிற்கும். மற்றவர்கள் இறங்கிப் படியேற வேண்டும். “எங்க மாடியில லிஃப்ட் நிக்காது” என்பதுதான் பல்லவி. அதைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, பிறகு எந்த மொழி என்று சொல்ல இயலாத ஓர் அலறலில் பலமுறை பாடுவார்கள். பாடும்போது அவன் கண்களை இறுக மூடிக்கொள்வான். மேடைப் பயிற்சி பெற்றவள் என்ற முறையில் அது பெரும் பிழை என்று அன்றே அவனிடம் சொன்னேன். அவையைப் பார்க்காதவன் அவையை இழப்பான்.

“அவை இருந்தாத்தானே பாக்கறதுக்கு,” என்றான்.

படத்தின் கதையும் அதுவே. ஒரு பாடகன் படிக்கட்டில் பாடுகிறான், பேருந்து நிறுத்தத்தில் பாடுகிறான், துணி காயும் மூங்கில் கழிகளுக்கு அடியில் பாடுகிறான். ஆட்கள் கடந்து போகிறார்கள். கடைசியில் ஒரு மண்டபம் நிறைந்த மக்கள் அவன் பாட்டைக் கேட்டு எழுந்து நிற்கிறார்கள். முந்தைய காட்சிகள் அனைத்தும் இந்த ஒரு காட்சிக்காகவே எடுக்கப்பட்டவை. இயக்குநர் அதைப் பற்றிப் பேசும்போது கையை மெல்ல மேலே தூக்கிக் காட்டுவார், ஓர் அலை எழுவதைப்போல.

ஆனால் எழுந்து நிற்க மண்டபமும் கிடைக்கவில்லை, மக்களும் கிடைக்கவில்லை. நண்பர்களை ஜாலான் புசார் அறைக்கு அழைத்துப் பார்த்தார். வந்தவர்களைக் கேமராவில் பார்த்தபோது, பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டத்தைவிடச் சிறியதாகத் தெரிந்தது. மண்டபம் கேட்டுப் போன இடங்களில் பாடகனின் தலையைப் பார்த்துவிட்டு, அந்தத் தேதியில் இடமில்லை என்றார்கள். எந்தத் தேதி என்று அவர் இன்னும் சொல்லியிருக்கவே மாட்டார்.

இதற்கிடையே பாடகனுக்குத் தேசிய சேவைக்கான, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கான, அழைப்பு வந்தது. முகாமுக்குள் நுழையும் நாளிலேயே தலையை மழித்துவிடுவார்கள். அந்த முடி மீண்டும் வளர்ந்து நிமிர்வதற்குள் டிரம்ஸ் வாசிப்பவனுக்கும் அழைப்பு வந்துவிடும். எனவே கடைசிக் காட்சியை உடனே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் படமே இல்லை. இயக்குநர் இதை என்னிடம் சொன்னபோது அவர் கை மேலே எழவில்லை.

மக்கள் நிறைந்த மண்டபம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதை நான் அவருக்குக் கொடுக்க முடிவு செய்தேன்.

அடுத்து வரவிருந்த பட்டிமன்றத்துக்குத் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை. ‘இன்றைய இளைஞரின் இசை வழிகாட்டுகிறதா, வழிதவற வைக்கிறதா?’ என்று நான் எழுதிக் கொடுத்தேன். கூடவே, இரு அணிகளும் பேசுவதற்கு நடுவே அத்தகைய இசைக்கு ஓர் எடுத்துக்காட்டை அவையினர் நேரில் கேட்பது நலம் என்றும் சொன்னேன். பட்டிமன்றத்தை நடத்தும் சங்கத்தின் செயலாளர், இடுப்பில் சாவிக்கொத்தோடு நடமாடும் பெரியவர், சந்தேகத்தோடு பார்த்தார்.

“எடுத்துக்காட்டுன்னா என்னம்மா?”

“நோயப் பத்திப் பேசறப்ப நோயாளியக் காட்டற மாதிரி சார்.”

“அப்ப நீ எந்த அணி?”

“வழிதவற வைக்கிறதுங்கற அணி.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்படிச் சொல்லு! சரி, ஒரே ஒரு பாட்டு. சிறப்பு விருந்தினர் வர்றதுக்குள்ள முடிச்சிரணும். அவரு வர்றப்ப இவன் கத்திக்கிட்டு இருந்தா எனக்குத்தான் அசிங்கம்.”

செய்தி பரவிவிட்டது. அந்த வாரம் தேக்கா சந்தையில், மீன் கடைக்கு முன்னால், பாடகனின் தாயார் என்னை நிறுத்தினார். என் பேச்சுக்கு அவர் நிரந்தர ரசிகர். எந்தப் பட்டிமன்றமாக இருந்தாலும் மூன்றாம் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார்.

“நான் வர்றேன் பிள்ள. ஆனா அவன் பாடறான்னு வரல. நீ பேசறேன்னு வர்றேன். தெளிவாச் சொல்லிட்டேன்.”

“அவனையும் கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன் ஆன்ட்டி.”

“வீட்டுல கேக்காததா? கோயில்ல பாடினப்ப ஃபாதரே திரும்பிப் பாப்பாரு. இப்பப் பக்கத்து வீட்டு நாய் திரும்பிப் பாக்குது.” மீன்காரரிடம் திரும்பி, “தலைய வெட்டாதீங்கண்ணே, அப்படியே குடுங்க,” என்றார்.

நிகழ்ச்சிக்கு முன் எனக்கும் இயக்குநருக்கும் ஒரு சச்சரவு நேர்ந்தது. மண்டபத்தில் நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மேடை ஓரத்தில் நின்று, கேமராவை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டே சொன்னார்:

“பாட்டு நடக்கறப்ப நீ மைக்குல ஒரு வார்த்த சொல்லிரு தங்கச்சி. ‘எல்லாரும் எழுந்து நில்லுங்க’ன்னு. ஒரு நிமிஷம் போதும்.”

“மாட்டேன்.”

“ஏம்மா?”

“கேட்டு வாங்கற கைத்தட்டல் பிச்ச அண்ணே. எழுந்து நிக்கறதும் அப்படித்தான். அவங்களா எழுந்தா எழட்டும்.”

“இது படம். படத்துல எல்லாமே கேட்டு வாங்கறதுதான்.”

“படம் உங்களோடது. அவை என்னோடது.”

அவர் கேமராவைத் திருப்பிப் பார்த்தார். கடைசிச் சுருள் கேமராவில் இருந்தது. அதிலும் ஒரு பகுதியை மாலையில் பாடகன் முடியை நிமிர்த்தும் காட்சிக்குச் செலவிட்டிருந்தார். பிறகு கெஞ்சும் குரலில், “சரி, அப்ப இன்னிக்கு மட்டும் கொஞ்சம் லேசாப் பேசேன். நீ அவனப் போட்டு அடிச்சிட்டா அப்புறம் யாரு எழுந்திருப்பா?” என்றார்.

எனக்கு லேசாகப் பேசத் தெரியாது என்றேன். அது உண்மை. நண்பர்களுக்காக வாதத்தின் முனையை மழுக்குபவள் மேடையேறத் தகுதியற்றவள் என்பது அன்றும் இன்றும் என் கொள்கை. எனவே பேசினேன். “செவியைத் திறக்க வந்தது இசை. செவியைப் பொத்திக்கொள்ள வைப்பதற்கும் அதே பெயரைச் சூட்டினால், பெயருக்கு என்ன மதிப்பு, இசைக்கு என்ன மதிப்பு?” என்று நான் நிறுத்திய இடத்தில் மண்டபம் அதிர்ந்தது. கைத்தட்டல் அடங்கும்வரை காத்திருந்து மேலும் தொடர்ந்தேன். மேடை ஓரத்தில் இயக்குநர் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அமர்ந்தேன். அவர்கள் வந்தார்கள்.

முதல் அடி விழுந்ததுமே முன்வரிசையில் ஒரு பெரியவர் செவியைப் பொத்திக்கொண்டார். என் வாதத்துக்கு அது சான்று. ஆயினும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அவையினர் நாகரிகமானவர்கள். யாரும் எழுந்து போகவில்லை, யாரும் கூச்சலிடவில்லை. மடியில் கை கோத்து, மருத்துவரின் அறைக்கு வெளியே அமர்ந்திருப்பவர்களைப்போல அமர்ந்திருந்தார்கள். ஒருவர் பழக்கத்தின் காரணமாகத் தொடையில் தாளம் போட முயன்று, வேகம் பிடிபடாமல் கைவிட்டார். “எங்க மாடியில லிஃப்ட் நிக்காது” என்ற அடி வந்தபோது நான்காம் வரிசையிலிருந்து ஒரு குரல், “அது உண்மைதான்,” என்றது, சிலர் சிரித்தார்கள். அவ்வளவுதான். பாடகன் கண்களை மூடியிருந்தான். இயக்குநர் கேமராவைக் கண்ணில் வைத்திருந்தார். ஆனால் விரல் அசையவில்லை. அமர்ந்திருக்கும் கூட்டத்துக்குச் சுருளைச் செலவிட அவருக்கு மனமில்லை.

அப்போது அவர்கள் எழுந்தார்கள்.

முதலில் முன்வரிசை, உடனே அடுத்த வரிசை, பிறகு, நாற்காலிகள் உராயும் ஓசை டிரம்ஸையும் மீறிக் கேட்க, மண்டபம் முழுவதும். எழுந்தது மட்டுமன்று, கை கூப்பினார்கள். மேடையைப் பார்த்து, முகம் நிறைந்த மரியாதையோடு, நூற்றுக்கணக்கான கைகள் கூப்பியிருந்தன. ஒரு கணம் எனக்கே உடல் சிலிர்த்தது. மறுகணம் எனக்குப் புரிந்துவிட்டது. மேடைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், கேமராவுக்கு நேர் பின்னால் இருந்த பக்கவாட்டுக் கதவைச் செயலாளர் திறந்துவிட்டிருந்தார். சிறப்பு விருந்தினர் வந்துகொண்டிருந்தார்.

விருந்தினர் நுழையும்போது அவை எழுந்து நிற்பது நம் மண்டபங்களின் வழக்கம். மேடையில் இசை இருந்தாலும் எழுவார்கள், இடி விழுந்தாலும் எழுவார்கள். ஆனால் இயக்குநர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, அவர் விரல் அழுந்திவிட்டது, கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓசையில் பாடகனும் கண்ணைத் திறந்தான்.

அவன் முகத்தை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். அவன் கண்டது, தன்னை நோக்கி எழுந்து நின்று கைகூப்பும் ஒரு மண்டபம். பாட்டு முடியும் தறுவாயில் இருந்தது. அவன் முடிக்கவில்லை. மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பல்லவியை மீண்டும் தொடங்கினான்.

விருந்தினர் புன்னகையோடு கைகூப்பியபடி முன்வரிசையில் கதவோரமாக இருந்த தம் நாற்காலியை அடைந்து அமர்ந்தார். அவர் அமர்ந்ததும் அவை அமர்ந்தது. வரிசை வரிசையாக எழுந்ததைப்போலவே வரிசை வரிசையாக அமர்ந்தது. பாடகன் அதையும் கண்ணைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டு பாடினான். நான்காம் வரிசை அமர்ந்தது, ஐந்தாம் வரிசை அமர்ந்தது, கடைசி வரிசை அமர்ந்தது. மூன்றாம் வரிசையில் ஒருவர் மட்டும் அமரவில்லை. அவன் தாயார்.

கைப்பையை இரு கைகளாலும் முன்னால் பிடித்துக்கொண்டு, நேராக நின்றார். பின்னால் இருந்தவர்கள் அவரைத் தாண்டிப் பார்க்கத் தலையைச் சாய்த்தார்கள். செயலாளர் பக்கத்திலிருந்து கையைக் கீழே அழுத்தி அழுத்திச் சைகை காட்டினார். தாயார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாடகன் பல்லவியை முடித்து, கடைசி அலறலை அலறி, கிட்டாரின் ஓசை அடங்கும்வரை நின்றார். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

சிறப்பு விருந்தினர் தம் உரையில் முதல் வாக்கியமாக, “இன்னிசை முழங்க என்னை வரவேற்ற இளைஞர்களுக்கு என் மனமார்ந்த நன்றி” என்றார். மண்டபம் கைத்தட்டியது. அந்த நாளில் ‘இன்னிசை’ என்று அதைச் சொன்னவர் அவர் ஒருவரே. தீர்ப்பு வழக்கம்போல இரு அணிகளுக்கும் நடுவில் எங்கோ விழுந்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. இங்கே அது தேவையில்லை.

மண்டபத்தின் பின்புறம் தேநீர் ஊற்றும் இடத்தில் பாடகன் குவளையோடு நின்றிருந்தான். விருந்தினர் சொன்ன நன்றியை அவனும் கேட்டிருந்தான்.

“அவங்க எழுந்தது எனக்கு இல்லியா?” என்றான் என்னைப் பார்த்து. குரலில் கோபமில்லை.

“இல்ல,” என்றேன். அவனிடம் பொய் சொல்ல எனக்குக் காரணமில்லை.

“நல்லவேளை விருந்தாளிக்கு லேட்டாச்சுலா,” என்று கிட்டார்க்காரன் மலாயில் சொல்லிச் சிரித்தான். பாடகனும் சிரிக்க முயன்றான்.

இயக்குநருக்கு மட்டும் கால் தரையில் பாவவில்லை. “யாருக்கா இருந்தா என்ன? அவரு ஃபிரேம்லயே இல்ல. நீதான் இருக்க. மண்டபம் எழுந்துச்சு, கேமரா ஓடிச்சு, அவ்வளவுதான்!” அவர் கை மேலே எழுந்தது.

வாசலில் தாயாரைப் பார்த்தேன். ஏன் உட்காரவில்லை என்று கேட்டேன்.

“பாட்டு நடக்கையில எழுந்துட்டோம்ல பிள்ள. எழுந்துட்டா, முடியற வரைக்கும் நிக்கணும். கோயில்ல அப்படித்தான. பாதியில உட்காருவாங்களா யாராச்சும்?”

“பாட்டு பிடிச்சிருந்துதா ஆன்ட்டி?”

“அது பாட்டாடி?” என்றார். “நீ நல்லாப் பேசின. ஆனா நடுவுல கொஞ்சம் நீட்டிட்ட.”

திங்கட்கிழமை அவன் முகாமுக்குப் போனான்.

சுருள் திரும்பி வர வாரங்கள் ஆயின. வந்ததும் இயக்குநர் எங்கள் வீட்டுக்கு ஓர் இரவல் புரொஜெக்டரைத் தூக்கி வந்து, சன்னலைப் போர்வையால் மறைத்து, சுவரில் ஓட்டினார். எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக இருந்தது. அவன் முதுகுக்கு அப்பால் மண்டபம் எழுகிறது, கைகூப்புகிறது. பார்த்தவர்கள் யாரும், அது அவனுக்காக அன்று என்று சொல்ல முடியாது. பிறகு அவர்கள் அமர்கிறார்கள். ஒரு பெண்மணி நிற்கிறார். அவர் நிற்கும்போதே சுருள் தீர்ந்துவிடுகிறது.

“எல்லாரும் எழுந்து நிக்கறதோட வெட்டிருவேன்,” என்றார் இயக்குநர். “உட்கார்றது வேணாம்.”

நான் மறுத்தேன். அந்த எழுச்சி வேறொருவருக்கு உரியது. அதை எடுத்து இவனுக்குச் சூட்டுவது நேர்மை அன்று என்று வாதிட்டேன். ஒரு மாலை முழுவதும் வாதிட்டேன். உதாரணங்கள் சொன்னேன், எதிர்வாதங்களை நானே எழுப்பி நானே வீழ்த்தினேன். என் அண்ணன் நடுவில் எழுந்து போய்த் தூங்கிவிட்டான். இயக்குநர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தங்கச்சி, நீ சொல்றதெல்லாம் சரி. ஆனா இத எடுக்க நான் எவ்வளவு நாள் அலைஞ்சேன்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல வரவில்லை. படம் அவனைப் பற்றியது என்பதால், அவன் வரும்வரை எதையும் வெட்டுவதில்லை என்று மட்டும் உடன்பட்டோம்.

முதல் விடுப்பில் வந்தான். மழித்த தலையில் நிழல்போல முடி அரும்பியிருந்தது. காதுகள் இவ்வளவு பெரியவை என்று அன்றுதான் தெரிந்தது. வெயிலில் கறுத்து, முன்னைவிட நேராக உட்கார்ந்திருந்தான். சுவரில் படம் ஓடியது. முடிந்ததும் மறுபடி ஓட்டச் சொன்னான். இரண்டாம் முறையும் ஓடி முடிந்தது.

“மொத்தக் கூட்டமும் எழுந்திருக்கறது என்னோடது இல்லண்ணே,” என்றான். “அத எடுத்துருங்க. அவங்க உட்கார ஆரம்பிக்கறாங்கல்ல, அதுலேருந்து வைங்க.”

“உட்கார்றதுலயா? படம் உட்கார்றதுல முடியணுமா?”

“அம்மா நிக்கறாங்களே.”

“அவங்க கோயில் பழக்கத்துல நின்னாங்கடா,” என்றார் இயக்குநர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை; கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தார்.

“தெரியும். கோயில்ல பாட்டுக்குத்தான நிப்பாங்க.”

இதே முடிவுக்குத்தான் நான் ஒரு மாலை முழுவதும் பேசி வர முயன்றேன் என்பதைச் சுட்டிக்காட்டினேன். “இல்ல பேச்சாளரே,” என்றான். “நீங்க நேர்மைக்குப் பேசினீங்க. எனக்கு இந்த ஷாட்டு பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.” வேறுபாடு சரியானது, ஒப்புக்கொண்டேன்.

இயக்குநர் வெட்டினார். வெட்டிய துண்டைத் தூக்கி எறியாமல் ஒரு சிறு தகர டப்பாவில் சுருட்டி வைத்துக்கொண்டார். அது அவர் உரிமை. கடைசிக் காட்சிக்கு நான் எழுதி வைத்திருந்த உரை எழுச்சியைப் பற்றியது. அது இப்போது பொருந்தவில்லை. வேறொன்று எழுதினேன். அதில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். நல்ல வாக்கியம்தான்.

அவனுடைய அடுத்த விடுப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஜாலான் புசார் அறையில் படத்தைத் திரையிட்டோம். கடை மூடியிருந்ததால் அந்தத் தெரு என்றுமில்லாத அமைதியில் இருந்தது. கயிற்றுச் சுருள்களின் மேலும் பெயிண்ட் டின்களின் மேலும் ஆட்கள் அமர்ந்தார்கள். தாயாருக்கு மட்டும் ஒரு நாற்காலி. பூசை முடிந்து அதே சேலையில் வந்திருந்தார். கடைசிக் காட்சியில் தம்மைக் கண்டதும், “ஐயோ, என்னடா இது, சொல்லக் கூடாதா?” என்றார். கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டார். படம் முடிந்து சுவர் வெறும் வெளிச்சமானது. கேசட்டில் பாட்டு இன்னும் முடிந்திருக்கவில்லை. இயக்குநர் அதை நிறுத்த எழுந்தார். யாரும் அசையாததைக் கண்டு மீண்டும் அமர்ந்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி எல்லாரும் பாட்டின் மிச்சத்தைக் கேட்டோம். கீழே குழாய் அறுக்கும் ஓசை இல்லாததால், சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுந்தன.

மாலைக்குள் அவன் முகாமுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தாயாரும் அவனோடு கிளம்பினார். நான் மாடிச் சன்னலிலிருந்து பார்த்தேன். அடைத்த கடைகளின் முன்னால் இருவரும் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். பேச்சு கேட்கவில்லை, கைகள் மட்டும் தெரிந்தன. கையசைவைக் கொண்டு வாதத்தின் போக்கை அறியும் பயிற்சி எனக்கு உண்டு. தாயாரின் கை மறுக்கவில்லை, அதட்டவில்லை. ஒரு விரல் உயர்ந்து நின்றது, பிறகு விரிந்தது. அது கேள்வி கேட்பவரின் கை. அவன் நடையை நிறுத்தி, பாட்டின் தாளத்தைக் கையால் காட்டி, அவரிடம் ஏதோ விளக்கினான். பேருந்து வந்தது, அவர்கள் அதில் ஏறவில்லை. அவர் அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.